தவணை தவறாத கடன்

அம்பேத்கர் நினைவு நாள் உரையின் எழுத்து வடிவம், நாகமலை புதுக்கோட்டை



இந்த உரைக்கு என்னைக் கூப்பிட்டபோது தயங்கினேன். நான் எழுத்தாளன் இல்லை. முப்பது ஆண்டுக்கு மேல் கருவூலத்தில் வேலை பார்த்தவன். பில்லைச் சரிபார்ப்பது, செலானைச் சரிபார்ப்பது, மாதக் கடைசியில் கணக்கை நேர் செய்வது, இதுதான் என் பிழைப்பு. "அந்தக் கணக்கைப் பத்தியே பேசுங்க சார்" என்று தம்பிகள் சொன்னார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மை ஆண்ட வெள்ளை அரசாங்கம் தன் கடனை எப்படி அடைத்தது, அந்தக் காசு யாரிடமிருந்து வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

அம்பேத்கர் நினைவு நாளில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். அவர் தொடங்கிய இடமே இதுதான். 1915இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டத்துக்காக அவர் எழுதிக்கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றிய ஆய்வு. அப்போது அவருக்கு வயது 24. 1923இல் லண்டனில் ரூபாயின் பிரச்சினை பற்றிய நூல் வருகிறது. 1925இல் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய நூல். மூன்றும் அரசாங்கத்தின் வரவு செலவைப் பற்றியவை. நாம் அவரைச் சட்டப் புத்தகத்தோடு சிலையாக நிறுத்தியிருக்கிறோம். கணக்குப் புத்தகத்தோடும் ஒரு சிலை வைத்திருக்கலாம்.

ஆற்காட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போது மதுரைச் சீமையும் ஆற்காடு நவாபின் ஆளுகையில்தான் இருந்தது. நவாப் முகமது அலி வாலாஜா பெரிய கடன்காரர். கடன் கொடுத்தவர்கள் யார் என்றால், சென்னைக் கோட்டையில் கம்பெனியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள். பால் பென்ஃபீல்டு என்பவர் அதில் முக்கியமானவர். கடனுக்கு ஈடாக ஊர்களின் வரி வசூலையே அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார் நவாப். அதாவது விளைச்சல் களத்துக்கு வருவதற்கு முன்பே இன்னொருவன் பேரில் பற்று எழுதியாகிவிட்டது. இந்தத் தகராறில் குறுக்கே நின்ற சென்னை கவர்னர் பிகட் பிரபுவை அவருடைய சபை உறுப்பினர்களே 1776இல் பிடித்துக் காவலில் வைத்தார்கள். 1777இல் காவலிலேயே அவர் செத்தார். கவர்னருக்கே இந்தக் கதி.

பிறகு லண்டனில் ஹென்றி டன்டாஸ் ஒரு ஏற்பாடு செய்தார். எந்தக் கடன் மெய், எந்தக் கடன் பொய் என்று விசாரிக்காமலேயே, கர்நாடகத்து வரி வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் இந்தக் கடன்காரர்களுக்குப் போகவேண்டும் என்பது அந்த ஏற்பாடு. அன்றைய மதிப்பில் 4,80,000 பவுண்டு. 1785 பிப்ரவரி 28ஆம் தேதி எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தப் பேச்சில் நம் ஏரிகளையும் கண்மாய்களையும் பற்றி அவர் உருகிச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் கண்மாயைப் பற்றி உருகுகிறவர் கண்ணுக்கு மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சி தெரியவில்லை. லண்டனில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. உள்ளூரில் இருந்தவர்கள் எழுதிய கணக்கிலும் அவன் இல்லை என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

1801இல் கம்பெனி கர்நாடகத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டது. மதுரையும் அப்போதுதான் முழுசாகக் கம்பெனி கைக்கு வந்தது. நவாபின் பேரில் மிச்சமிருந்த கடனை விசாரிக்க ஆணையர்களை வைத்தார்கள். அந்த விசாரணை இருபது ஆண்டுக்கு மேல் நடந்தது. சுமார் 3 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரங்கள் வந்தன. அதில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடன் என்று நிற்கவில்லை. விசாரிக்காமல் 1785இல் ஒப்புக்கொண்ட கடனோ ஏற்கனவே கைமாறிப் போய்விட்டது. பென்ஃபீல்டு அந்தக் காசில் இங்கிலாந்தில் நாடாளுமன்ற இடங்களை வாங்கினார். கடைசியில் பாரிஸில் பரம ஏழையாகச் செத்தார் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைத்துப் பயனில்லை.

அடுத்து ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். 1833 ஆகஸ்ட் 28. அன்றைக்குப் பிரிட்டிஷ் மன்னரின் ஒப்புதல் பெற்ற சட்டங்களில் இரண்டு நமக்கு முக்கியம்.

முதலாவது கம்பெனியின் சாசனச் சட்டம். இனிமேல் கம்பெனி வியாபாரம் செய்யாது, ஆட்சி மட்டும் செய்யும் என்றது அந்தச் சட்டம். வியாபாரம் இல்லையென்றால் பங்குதாரர்களுக்கு லாபம் எங்கிருந்து வரும்? இந்திய வரியிலிருந்து. 60 லட்சம் பவுண்டு மூலதனத்துக்கு ஆண்டுக்குப் பத்தரை சதவீதம், அதாவது 6,30,000 பவுண்டு. நாற்பது ஆண்டு கழித்துப் பங்கைத் திருப்பி வாங்கும்போது நூறு பவுண்டுக்கு இருநூறு பவுண்டு தரவேண்டும். இதுவும் இந்தியாவின் தலையில்தான். அப்படியே 1874இல் கொடுத்து முடித்தார்கள். லண்டனில் பங்கை வைத்திருந்த ஒரு விதவையோ பாதிரியாரோ கப்பலைக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. தவணை தேதிக்குப் பணம் வந்துவிடும்.

இரண்டாவது அடிமை ஒழிப்புச் சட்டம். கரீபியன் தீவுகளிலும் மற்றக் காலனிகளிலும் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இந்த நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015இல்தான் தீர்ந்தது என்று பிரிட்டிஷ் கருவூலமே சொன்னது. அந்தச் சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்பது அந்தப் பிரிவு. அதாவது நமக்குப் பொருந்தாது. சாசனச் சட்டத்தில் இந்திய அடிமைமுறையைத் தணிக்க வழி பாருங்கள் என்று கவர்னர் ஜெனரலுக்கு ஒரு வரி எழுதியிருந்தார்கள். பங்குதாரருக்கு வட்டி விகிதமும் தேதியும். நமக்கு ஒரு யோசனை.

ஏன் நம்மை விட்டார்கள்? இந்தியாவில் அடிமைமுறை இருந்ததா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். 1819இல் சென்னை வருவாய் வாரியம் கலெக்டர்களிடம் கேட்டு வாங்கிய அறிக்கைகள் இருக்கின்றன. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நஞ்சை பாயும் மற்ற இடங்களிலும் பறையர், பள்ளர் என்று அவர்கள் எழுதும் மக்கள் நிலத்தோடு கட்டப்பட்டிருந்தார்கள், சில இடங்களில் விற்கவும் ஒத்திவைக்கவும் பட்டார்கள் என்பது அதிகாரிகளின் கையெழுத்திலேயே இருக்கிறது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில்தான் சேர்த்தி. அங்கே அரசாங்கத்து நிலத்தோடு சேர்ந்த அடிமைகளைக் குத்தகைக்கு விட்டு, அந்த வருமானத்தைக் கலெக்டர் கணக்கில் வரவு வைத்தார்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்கூட வராத தொகை. 1836இல்தான் அந்தக் கணக்குத் தலைப்பை நீக்கினார்கள். கருவூலத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், ஒரு தலைப்பு கணக்கில் இருக்கிறது என்றால் அதற்கு ஒரு எழுத்தர் இருந்திருப்பார், மாதாமாதம் கூட்டல் போட்டிருப்பார், மேலதிகாரி சரி பார்த்திருப்பார். ஆளை வாடகைக்கு விட்ட காசு, உப்புக் காசுக்கும் சாராயக் காசுக்கும் பக்கத்துப் பத்தியில் இருந்தது.

ஆள்களை விடுவித்தால் நஞ்சை சாகுபடி நின்றுபோகும், சாகுபடி நின்றால் கிஸ்தி வராது. அதிகாரிகளின் கவலை இதுதான். பட்டாதாரர் கிஸ்தி கட்டுவார். அவர் பேர் சிட்டாவில் இருக்கும், அடங்கலில் இருக்கும். நாற்று நட்டவள் பேர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. 1843இல் ஐந்தாவது சட்டம் வந்து, ஒருவனை அடிமை என்று சொந்தம் கொண்டாடும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்றது. அடிமை வைத்திருப்பது குற்றமானது தண்டனைச் சட்டம் 1862இல் அமலுக்கு வந்த பிறகு. அதற்குள் அடிமை என்ற சொல்லுக்குப் பதிலாகப் படியாள், பண்ணையாள் என்ற சொற்கள் போதுமானவையாகிவிட்டன. கட்டுவதற்குக் கடன் இருந்தது.

இப்போது கடன் எப்படி லண்டனுக்குப் போனது என்பதைச் சொல்கிறேன். மாணவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக் கப்பலில் தங்கத்தை ஏற்றிக்கொண்டு போனான் என்ற சித்திரம்தான் நம் மனதில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்தது அப்படி இல்லை.

1857 கலகத்தை அடக்கிய செலவு முழுவதும் இந்தியாவின் கணக்கில் எழுதப்பட்டது. அதற்கு முன் சுமார் 6 கோடி பவுண்டாக இருந்த கடன் 1860களின் தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது. கம்பெனி போய் ராணியின் ஆட்சி வந்தபோது, 1858 சட்டம் கம்பெனியின் கடனையெல்லாம் இந்திய வருமானத்தின் மேல் மட்டும் சுமத்தியது. பிரிட்டிஷ் கருவூலத்துக்கு அதில் பொறுப்பு இல்லை. ரயில்வேக் கம்பெனிகளுக்கு வேறு உத்தரவாதம், போட்ட முதலுக்கு 5 சதவீதம் லாபம் வராவிட்டால் மிச்சத்தை அரசாங்கம் கொடுக்கும் என்று. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875இல் ரயில் வந்தது இந்த மாதிரி உத்தரவாதக் காலத்தில்தான். வட்டி, ரயில்வே உத்தரவாதம், இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய துரைமார்களின் பென்ஷன், ராணுவச் செலவு, லண்டனில் இருந்த இந்தியா ஆபீஸின் செலவு எல்லாம் சேர்ந்து தாய்நாட்டுச் செலவு என்று ஒரு தலைப்பு. இங்கே தாய்நாடு என்றால் இங்கிலாந்து.

இதைப் பவுண்டில் கட்டவேண்டும். வரியோ இங்கே ரூபாயில் வசூலாகிறது. எப்படி மாற்றுவது? புதன்கிழமைதோறும் லண்டனில் இங்கிலாந்து வங்கியில் இந்தியா மந்திரி ஒரு உண்டியல் விற்பார். கவுன்சில் பில் என்று பேர். நம் தூத்துக்குடிப் பஞ்சை வாங்க நினைக்கும் வியாபாரி ஒருவன் அங்கே பவுண்டைக் கொடுத்து அந்தப் பில்லை வாங்குவான். பவுண்டு மந்திரி கையில் நின்றுவிடும். அவர் அதை வைத்து வட்டியைக் கட்டிவிடுவார். பில் கப்பலில் சென்னைக்கு வரும். இங்கே கருவூலம் அந்தப் பில்லுக்கு ரூபாயைக் கொடுக்கும். அந்த ரூபாய் ஏஜென்ட் வழியாகக் கரிசல் காட்டுச் சம்சாரிக்குப் பஞ்சு விலையாகப் போகும். சம்சாரி அதை எடுத்துக் கிஸ்தி கட்டுவார். ரூபாய் திரும்பவும் கருவூலத்துக்கே வந்துசேரும். முதல்முறை இதைப் படித்தபோது பென்சிலை எடுத்து வட்டம் போட்டுப் பார்த்தேன். ரூபாய் ஊரைவிட்டுப் போகவே இல்லை. பஞ்சு போயிருக்கிறது. எண்ணெய்வித்து, தோல், காப்பி போயிருக்கிறது. பஞ்சு எடுத்த கை, தோல் பதனிட்ட கை யாருடையது என்று இந்த அவையில் நான் சொல்லவேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சோதனை வந்தது. தாது வருஷப் பஞ்சம். எங்கள் அப்பத்தா, சோற்றுக்கு அவசரப்படும் பிள்ளையைப் பார்த்து "தாது வருசத்துல பொறந்தவனாடா நீ?" என்று கேட்கும். அதற்கே அந்தப் பஞ்சம் நேரில் தெரியாது, அதன் ஆத்தா சொல்லிக் கேட்டதுதான். 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் சுமார் 35 லட்சம் பேர் செத்தார்கள் என்பது அப்போதே எழுதப்பட்ட கணிப்பு. 1871க்கும் 1881க்கும் நடுவில் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது.

1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் பிரபு ரிச்சர்டு டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். அதே மாதம் முதல் தேதிதான் டெல்லியில் விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று தர்பார் நடந்தது. டெம்பிளுக்குத் தரப்பட்ட அறிவுரையின் சாரம் இது: உயிரைக் காப்பாற்றுவதற்கானாலும் எல்லையில்லாமல் செலவழிக்கக்கூடாது, அப்படிச் செலவழித்தால் வரும் கடனும் வரிச்சுமையும் பஞ்சத்தைவிடக் கொடியதாகிவிடும். இதே டெம்பிள் 1874இல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து உயிர்களைக் காப்பாற்றியவர். அதற்காக ஊதாரி என்று பேர் வாங்கியவர். அந்தப் பேரைக் கழுவ நம் மாகாணம் கிடைத்தது. நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் என்று குறைத்தார். ஒரு ராத்தல் நம் கணக்கில் 450 கிராம். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது ஆளைக் கொல்லும் அளவு என்று விடாமல் எழுதினார். சில மாதம் கழித்துத்தான் கூலியை ஏற்றினார்கள். கார்னிஷ் மாதிரி அதிகாரிகளும் இருந்தார்கள் என்பதை நாம் மறைக்கக்கூடாது.

அந்த ஆண்டுகளில் லண்டனில் வட்டி ஒரு தவணைகூடத் தள்ளிப்போகவில்லை. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறுவதும் நிற்கவில்லை.

பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் யார்? நிலமில்லாதவர்கள், படியளப்பு நின்றுபோனவர்கள், களத்தில் மிஞ்சும் பொட்டும் பொக்கும்கூட இல்லாமல் போனவர்கள். மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்த கூட்டம் 1877இல் பெருகியது. கரை ஏறும்போதே கங்காணியிடம் பட்ட கடனோடுதான் ஏறினார்கள். அங்கே துண்டு என்று ஒன்று வழக்கத்தில் இருந்தது. இன்ன தொகையைத் தீர்த்தால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தோட்டம் மாறும், தீராது. 1921இல்தான் துண்டு முறையைத் தடைசெய்தார்கள்.

நிலமில்லாதவன் கிஸ்தி கட்டவில்லையே, அரசாங்கத்தின் கடனுக்கு அவன் நேராக என்ன கொடுத்தான் என்று ஒரு மாணவர் போன வாரம் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் உப்பு.

சென்னை மாகாணத்தில் 1805 முதலே உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். பஞ்சத்துக்கு முன் ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது நம் 37 கிலோவுக்கு, 1 ரூபாய் 13 அணா வரி. 1877 முடிந்து 1878 பிறக்கும் சமயத்தில், பஞ்சம் இன்னும் ஊரைவிட்டுப் போகாத நேரத்தில், அதை 2 ரூபாய் 8 அணாவாக்கினார்கள். 29 அணா 40 அணாவானது. இந்தியா முழுவதும் உப்பு வரியைச் சமப்படுத்துகிறோம் என்று காரணம் சொன்னார்கள். வடக்கே குறைந்தது, நமக்கு ஏறியது. 1882இல் 2 ரூபாய்க்கு இறக்கினார்கள். 1888இல் திரும்பவும் இரண்டரை ரூபாய். ஏன் ஏற்றினார்கள் என்பதைப் பார்த்தால் நான் முன்னால் சொன்ன உண்டியலிடம் போய்ச் சேருவோம்.

ரூபாய் வெள்ளி நாணயம், பவுண்டு தங்கம். 1873 வாக்கிலிருந்து உலகத்தில் வெள்ளி விலை விழுந்துகொண்டே வந்தது. ஒரு ரூபாய்க்கு 2 ஷில்லிங் கிடைத்த காலம் போய், 1888 வாக்கில் 1 ஷில்லிங் 5 பென்ஸ்கூடக் கிடைக்கவில்லை. 1892-93இல் 1 ஷில்லிங் 3 பென்ஸ். முன்பு பத்து ரூபாய் கொடுத்தால் ஒரு பவுண்டு அடையும். இப்போது பதினாறு ரூபாய் வேண்டும். 1.6 கோடி பவுண்டு தாய்நாட்டுச் செலவைக் கட்ட 16 கோடி ரூபாய் போதும் என்றிருந்தது, 25 கோடி ரூபாய்க்கு மேல் போனது. கடன் ஒரு பைசாகூடக் கூடுதலாக வாங்கியிருக்கவேண்டாம், சும்மா இருந்தாலே ரூபாயில் பளு ஏறும். இந்த மாற்று நஷ்டமும் மேல் பர்மாவைப் பிடித்த செலவும் சேர்ந்துதான் 1888இல் உப்பு வரியை ஏற்ற வைத்தன.

இப்போது சேரிக்கு வாருங்கள். இரண்டரை ரூபாய் வரி என்றால் ஒரு கிலோ உப்புக்கு வரி மட்டும் ஓர் அணாவுக்குக் கொஞ்சம் மேல். மிராசுதார் வீட்டிலும் ஒரு ஆள் அதே அளவு உப்புதான் தின்பான். வெயிலில் வேலை செய்கிறவனுக்குக் கூடவே வேண்டும். கம்மங்கூழுக்கு உப்புதான் குழம்பு. ஊர் ஓரத்து உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது குற்றம். 1889இல் சென்னை உப்புச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. வெள்ளி விலை நியூயார்க்கிலும் லண்டனிலும் விழுகிறது, அதன் விலை இங்கே ஒருத்தியின் கூழ்ப் பானையில் எடுக்கப்படுகிறது. எங்கள் அப்பத்தா உப்புக் கல் ஒன்று கீழே விழுந்தாலும் விரலால் ஒற்றி எடுத்துப் பானையில் போடும். உப்பைக் கொட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு பயம் அதற்கு. அந்தப் பயத்தில் எவ்வளவு சாஸ்திரம், எவ்வளவு வரி என்று இப்போது யோசிக்கிறேன்.

பஞ்சத்துக்குப் பிறகு, இனிமேல் பஞ்சம் வந்தால் கடன் வாங்கக்கூடாது என்று ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்பு நிதி ஒதுக்கினார்கள். அதற்காகப் புது வரிகளும் போட்டார்கள். அதன் ஒரு நோக்கமே புதுக் கடனைத் தவிர்ப்பது. 1878இல் ஆப்கானியப் போர் வந்தது. பஞ்சத்துக்கென்று வசூலித்த பணம் போர்க்கணக்கில் கரைந்தது என்று அன்றைக்கே பத்திரிகைகள் சத்தம் போட்டன.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அம்பேத்கரின் மாகாண நிதி நூல் எனக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தது. 1833 சாசனச் சட்டம் கஜானாச் சாவியைக் கல்கத்தாவிடம் கொடுத்துவிட்டது. சென்னை அரசாங்கம் வசூலிக்கும், செலவழிக்க அனுமதி கேட்கும். 1870 டிசம்பரில் மேயோ பிரபு ஒரு மாற்றம் செய்தார். கல்வி, மருத்துவம், போலீஸ், சிறை, சாலை இவற்றை மாகாணங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தார். கூடவே அதற்கான தொகையைக் குறைத்தும் கொடுத்தார். கடனும் ராணுவமும் மேலே நின்றன. மேலே இருப்பதற்கு முதல் பங்கு. பள்ளிக்கூடத்துக்கு மிஞ்சினால்தான். அந்த மிச்சத்திலும் அக்கிரகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளை ஏற முடியாது என்பது வேறு கதை, அதைப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

இரண்டு கடன்களைப் பக்கத்துப் பத்தியில் வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இவ்வளவும் சொன்னேன். ஒன்று சர்க்கார் கடன். அதை வாங்கியவன் கட்டவில்லை, வாங்காதவன் கட்டினான். இன்னொன்று படியாளின் கடன். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய அற்பத் தொகை. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-92இல் எழுதிய அறிக்கையில் இந்தக் கடன் எப்படி ஆளைப் பண்ணையோடு கட்டிவைக்கிறது என்று விவரமாக இருக்கிறது. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை வந்தது, பஞ்சமி நிலத்தின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. அதற்கு முன் 1859இல் ஒரு சட்டம் உண்டு. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட் மூன்று மாதம் வரை சிறையில் போடலாம். நீலகிரித் தோட்டங்களில் துரைமார்கள் இதை நன்றாகப் பயன்படுத்தினார்கள். 1925 வரை அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஐந்து ரூபாய் முன்பணத்துக்குச் சிறை வைத்த அரசாங்கம்தான் விசாரிக்காத கடனுக்கு 12 லட்சம் வராகன் எழுதிக்கொடுத்த பரம்பரையில் வந்தது.

தாதாபாய் நவ்ரோஜியும் ரமேஷ் சந்திர தத்தும் இந்தியாவின் செல்வம் வெளியே வடிகிறது என்று எழுதினார்கள். அவர்கள் எழுதிய புள்ளிவிவரம் இல்லாமல் நான் இன்றைக்கு இதைப் பேசியிருக்க முடியாது. உப்பு வரியையும் அவர்கள் எதிர்த்தார்கள். ஆனால் நில வரியைக் குறை, நிலையாக நிர்ணயம் செய் என்று அவர்கள் கேட்டபோது, குறைந்த வரி யார் மடியில் விழும் என்ற கேள்வி அங்கே இல்லை. கிஸ்தி குறைந்தால் படி ஏறுமா? ஊரிலிருந்து லண்டனுக்கு வடிந்ததைக் கணக்குப் பார்த்தார்கள். சேரியிலிருந்து ஊருக்கு வடிந்ததைக் கணக்குப் பார்க்கவில்லை. அம்பேத்கர் ரூபாய் நூலில், ரூபாயின் மதிப்பு விழுந்து விலைவாசி ஏறும்போது கூலி அதற்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது, ஏற்றுமதி வியாபாரியின் லாபம் கூலிக்காரனின் நஷ்டம் என்ற பக்கத்தைப் பார்த்தார். நாணய மாற்று விகிதத்தைப் பேசும்போதுகூட அவர் கண் கூலியின் மேல் இருந்தது. 1925-26இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன்பும் அதை வைத்தார்.

மதுரைக்காரர்கள் பெரியாற்றைச் சொல்லாமல் கூட்டத்தை முடிக்கமாட்டார்கள். 1895இல் அணை திறந்தது, பென்னிகுக்கை நாம் கும்பிடுகிறோம், தப்பில்லை. 1886 குத்தகைப்படி 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் திருவிதாங்கூருக்கு 40,000 ரூபாய் ஆண்டு வாடகை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் காலத்தில் எந்தப் பெரிய பாசனத் திட்டமானாலும் போட்ட முதலுக்கு வட்டி வருமா என்று பார்த்துத்தான் கைவைப்பார்கள். அந்த வட்டி தண்ணீர்த் தீர்வையாக வரும். தீர்வை கட்டியவர் பேர் இருக்கிறது. காட்டில் காய்ச்சலில் செத்த கூலிகளின் பேர்ப்பட்டியலை யாராவது எடுத்தால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு உட்காருகிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகள் இருக்கின்றன. 1876 முதல் 1878 வரை மதுரை கலெக்டர் எழுதியவற்றை எடுங்கள். கிஸ்தி எத்தனை தள்ளுபடி ஆனது, யாருக்கு ஆனது என்று பாருங்கள். பிறகு உப்பு இலாகாவின் வழக்குகளை எடுங்கள், உவர்மண் காய்ச்சியதற்குத் தண்டம் கட்டியவர்கள் எந்த ஊர், எந்தத் தெரு என்று பாருங்கள். பட்டாதாரர் பதிவேட்டில் நம் பாட்டன் இல்லை. தண்டம் கட்டியவர்கள் பதிவேட்டில் இருக்க வாய்ப்பு உண்டு. எனக்குப் பழைய காகிதத் தூசி இப்போது ஒத்துக்கொள்வதில்லை, இரண்டு பக்கம் புரட்டினால் இருமல் வந்துவிடுகிறது. நீங்கள் போய் எழுதிக்கொண்டு வந்தால், கூட்டல் போட்டுத் தர நான் இருக்கிறேன்.

ஜெய்பீம்.